இரண்டு கயிறு: ரோப் ஆக்சஸ் பயிற்சியில் நான் கற்றது

உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்யும் முறைதான் ரோப் ஆக்சஸ். அதன் முதல் படியான லெவல் 1 தேர்வில் முதல் தடவை நான் தேறவில்லை. தரையிலிருந்து ஏழெட்டு மீட்டர் உயரத்தில், கயிற்றின் நடுவில் இருந்த ஒரு முடிச்சைத் தாண்டும்போது நடந்த தவறு அது. பத்து விநாடிகூட இருக்காது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அசெசர், அதாவது தேர்வு எடுப்பவர், சத்தம் போடவில்லை. "அப்படியே நில்லுங்க. இப்போ நீங்க எத்தனை கயித்துல தொங்குறீங்கன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். குனிந்து பார்த்தேன். மார்பில் செஸ்ட் அசெண்டர் இருந்தது. அசெண்டர் என்பது கயிற்றில் மேலே நகரும், கீழே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் கருவி. மார்புக் கருவிக்கு மேலே, கையில் ஹேண்ட் அசெண்டர். "ரெண்டு சார்" என்றேன். "கருவி எத்தனைன்னு நான் கேட்கல. கயிறு எத்தனை?" என்றார். மறுபடி பார்த்தேன். இரண்டு கருவியும் ஒரே கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. விழாமல் காக்க வேண்டிய இரண்டாவது கயிறான பேக்கப் கயிறு பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

எட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது மேல் படியான லெவல் 3 ஆக, ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இந்தப் பயிற்சிக்குப் போகலாமா, கஷ்டமா, பயமாக இருக்குமா, சான்றிதழ் வாங்கினால் உடனே வேலை கிடைக்குமா என்று கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நான் அல்ட்ராசோனிக் கருவியை வைத்து இரும்புத் தகட்டின் தடிமனை அளக்கும் வேலைக்காரன். டேங்க், குழாய், புகைபோக்கி எல்லாவற்றிலும் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். உயரத்தில் என்றால் சாரம் கட்டித்தான் ஏறுவோம். ஒரு டேங்கின் மேல்பகுதியில் நாலு இடத்தில் அளவெடுக்க, சாரம் கட்ட மூன்று நாள், பிரிக்க இரண்டு நாள் ஆனது. அளவெடுக்க ஆனது அரை மணி நேரம். அதே வளாகத்தில் இன்னொரு டேங்கில் ரோப் ஆக்சஸ் ஆட்கள் இரண்டு பேர் காலையில் மேலே போய்க் கயிறு கட்டினார்கள், இறங்கினார்கள், மதியத்துக்குள் எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இந்த முறை குகைக்குள் இறங்குகிறவர்களும் மலையேறுகிறவர்களும் கயிற்றில் ஏறி இறங்கிய விதத்திலிருந்து வந்தது. 1980களில் வட கடலின் எண்ணெய் மேடைகளில் பராமரிப்பு வேலைக்கு அதைக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையை ஒழுங்குக்குள் கொண்டுவரத்தான் 1987இல் பிரிட்டனில் ஐராட்டா அமைப்பு உருவானது. அமெரிக்காவில் ஸ்ப்ராட் என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டிலும் மூன்று படிநிலை, இரண்டிலும் சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் செல்லும். நான் போனது ஐராட்டா வழியில் என்பதால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

லெவல் 1க்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 4 நாள் பயிற்சி, அதற்கு அடுத்து 1 நாள் தேர்வு. தேர்வு எடுப்பவர் பயிற்சி கொடுத்த நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது, வெளியிலிருந்துதான் வருவார். இது ரொம்ப நல்ல ஏற்பாடு. நாலு நாள் கூடவே இருந்த ட்ரெயினருக்கு நம் மேல் ஒரு பாசம் வந்துவிடும். அசெசருக்கு நம் பெயர்கூடத் தெரியாது. அவர் பார்ப்பது நம் கையையும் கயிற்றையும் மட்டும்தான்.

முதல் நாள் மதியம் வரை எங்கள் கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. எல்லோருக்கும் ஏமாற்றம். சாமான்களைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னார் ட்ரெயினர். தையல் பிரிந்திருக்கிறதா, பக்கிள் சரியாகப் பூட்டுகிறதா, கருவிகளை இணைக்கும் கொக்கி வளையமான கேரபைனரின் வாய் தானாக மூடிக்கொள்கிறதா, அசெண்டரின் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா. அப்புறம் ஒரு பழைய கயிற்றைக் கொடுத்து, "இதுல ஒரு இடத்துல கோளாறு இருக்கு. கண்டுபிடிங்க" என்றார். ஐந்து பேரும் கண்ணால் தேடினோம். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் கயிற்றை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கு இடையே ஓட விட்டார். ஒரு இடத்தில் நிறுத்தி, கயிற்றை அங்கே வளைத்துக் காட்டினார். மற்ற இடங்களில் வளைத்தால் வளையம்போல உருண்டையாக வளைந்தது. அந்த இடத்தில் மட்டும் காகிதத்தை மடித்தாற்போல் கூராக மடிந்தது. உள்ளே இழைகள் நசுங்கிப் போயிருந்தன.

நாம் பயன்படுத்தும் கயிற்றுக்கு உள்ளே ஒரு கரு, வெளியே ஒரு உறை. எடையைப் பெரும்பாலும் தாங்குவது கரு, அதைக் காப்பது உறை. அதனால்தான் வெளியே பளபளவென்று இருக்கும் கயிறு உள்ளே செத்திருக்கலாம். நைலான் கயிற்றுக்கு அமிலம் எமன். பேட்டரி வைத்த வண்டியின் பின்பக்கத்தில் கயிற்றுப் பையைப் போட்டு வைக்காதீர்கள் என்று அன்று அவர் சொன்னதை நான் இன்றும் என் ஆட்களுக்குச் சொல்கிறேன். வெயில் படும் இடத்திலும் வேண்டாம். ஒரு கயிற்றின் மேல் சந்தேகம் வந்தால் ஒதுக்கி வை, துண்டு துண்டாக வெட்டிப் போடு, வேறு யாரும் எடுத்துக் கட்டாதபடி. வெட்டும்போது மனசு வலிக்கும், விலை அப்படி. ஆனாலும் வெட்ட வேண்டும்.

அதே சமயம், நல்ல கயிற்றின் மேல் நம்பிக்கையும் வர வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1891, டைப் ஏ கயிறு 22 கிலோநியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ எடை. முடிச்சுப் போட்டால் கயிற்றின் வலிமை கணிசமாகக் குறையும், அதையும் கணக்கில் எடுத்து, நுனியில் முடிச்சோடு 15 கிலோநியூட்டனை 3 நிமிடம் தாங்க வேண்டும் என்று அந்தத் தரம் கேட்கிறது. சாமானோடு சேர்த்து நூறு கிலோ இருக்கும் ஒரு ஆள் தொங்கி அந்தக் கயிறு அறுந்துபோகாது. கயிற்றை அறுப்பது விளிம்பு. காங்கிரீட் முனை, தகட்டின் ஓரம், சூடான குழாய். எடை ஏறி இறுகி நிற்கும் கயிறு ஒரு கூரான முனையில் இடமும் வலமுமாக நகர்ந்தால் ரம்பம் வைத்து அறுப்பது மாதிரிதான். அதற்காகத்தான் எப்போதும் இரண்டு கயிறு. வேலைக் கயிறு ஒன்று, பேக்கப் கயிறு ஒன்று. இரண்டும் தனித்தனி ஆங்கரில், அதாவது மேலே கயிற்றைக் கட்டும் தனித்தனிப் பிடிமானத்தில்.

ஆங்கர் பற்றி ஒரு செய்முறையைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு நாளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பத்துக் கிலோ எடையை ஒரு கயிற்றின் நடுவில் தொங்கவிட்டு, இரண்டு நுனியையும் என்னையும் இன்னொருவரையும் பிடிக்கச் சொன்னார். நெருங்கி நின்றபோது ஆளுக்கு ஐந்து கிலோ, ஒன்றும் தெரியவில்லை. "இப்போ மெதுவா விலகுங்க" என்றார். விலக விலகக் கை இழுபட்டது. நடுவில் கோணம் 90 பாகை வரும்போது ஆளுக்கு ஏழு கிலோ. 120 பாகையில் ஆளுக்கு முழுப் பத்துக் கிலோ. எடை பத்துக் கிலோதான், ஆனால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பத்து சுமக்கிறோம்! 160 பாகைக்குப் போகும்போது ஆளுக்கு முப்பது கிலோ அளவுக்கு வந்துவிடும். அதற்கு முன்பே என் கை விட்டுவிட்டது. இரண்டு ஆங்கரைப் பிரித்து ஒய் வடிவத்தில் கட்டும்போது 90 பாகைக்குள் வை, 120ஐத் தாண்டாதே என்ற விதியை நான் மனப்பாடம் செய்யவே இல்லை. உள்ளங்கையில் இருக்கிறது.

முடிச்சுகள் அதிகம் இல்லை. எட்டு முடிச்சு, ஒன்பது முடிச்சு, இரட்டைக் காது எட்டு, ஆல்பைன் பட்டர்ஃப்ளை, கவ்ஸ் டெயிலுக்கு (இடுப்பிலிருந்து நம்மை இணைத்துக்கொள்ளும் குட்டைக் கயிறு) பேரல் முடிச்சு, கயிற்று நுனியில் ஸ்டாப்பர் முடிச்சு. போகும் முன்பே ஒரு துண்டுக் கயிறு வாங்கி வீட்டில் பழகிக்கொண்டு போங்கள். பயிற்சி நேரத்தை முடிச்சில் செலவழிப்பது வீண்.

இரண்டாம் நாள் ஏற்றம். உடம்பு முழுக்க வலி வந்தது அன்றைக்குத்தான். பலம் இல்லாததால் வந்த வலி என்று நினைத்தேன். உண்மையில் உடம்பில் மாட்டும் பட்டைக் கட்டான ஹார்னஸ் தொளதொளவென்று இருந்தது. மார்புப் பட்டை தளர்ந்திருந்தால், காலை ஊன்றி எழும்பும்போதெல்லாம் செஸ்ட் அசெண்டர் கயிற்றில் நகராமல் பட்டைதான் மேலே போகும். அரையடி எழும்பினால் மூன்று அங்குலம்தான் மிஞ்சும். அதோடு நான் கையால் இழுத்து ஏறினேன். கை பத்து நிமிடத்தில் செத்துவிடும். குதிகாலை இடுப்புக்கு அடியில் கொண்டுவந்து, கயிற்றோடு ஒட்டி, நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதுபோல் காலால் எழும்ப வேண்டும். கை சும்மா உடம்பை நேராகப் பிடித்திருந்தால் போதும். தொடக்கத்தில் இன்னொரு தொல்லை: முதல் சில மீட்டரில் கீழே கயிறு எடையில்லாமல் இருப்பதால் செஸ்ட் அசெண்டருக்குள் தானாக ஓடாது. கீழ்க்கயிற்றைக் கையால் இழுத்து விட வேண்டும். கொஞ்சம் ஏறியதும் கயிற்றின் எடையே அதை இழுத்துக்கொள்ளும். இதை யாரும் சொல்லாததால், 'நமக்கு மட்டும்தான் வரவில்லை' என்று தரையிலிருந்து இரண்டு மீட்டரிலேயே மனசு விட்டுப்போகிறவர்கள் உண்டு.

பயத்தைப் பற்றியும் கேட்பார்கள். எங்களோடு ஒரு பெயிண்டர் அண்ணன் இருந்தார். முதல் நாள் மூன்று மீட்டரிலேயே அவர் கை நடுங்கியது. இன்னொரு தம்பிக்குப் பயமே இல்லை, ஆங்கரிலிருந்து தாவி இறங்குவான். ட்ரெயினர் அந்தத் தம்பியைப் பார்த்துத்தான் கவலைப்பட்டார். பெயிண்டர் அண்ணன் ஒவ்வொரு கேரபைனரையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார். முதல் முயற்சியிலேயே தேறினார். பயம் இருப்பது தடை என்று நான் நினைக்கவில்லை. தலைசுற்றல், வலிப்பு, இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் போன்றவைதான் தடை. அவற்றை மறைத்துக்கொண்டு போகாதீர்கள். மேலே மயங்கி விழுந்தால் உங்களை இறக்க இன்னொருவர் தன் உயிரைப் பணயம் வைத்து வர வேண்டும்.

மூன்றாவது, நாலாவது நாள்களில் ஒரு ஜோடிக் கயிற்றிலிருந்து இன்னொரு ஜோடிக்கு மாறுவது, இடையில் மறுபடி ஆங்கர் போட்ட இடத்தைத் தாண்டுவது, முடிச்சைத் தாண்டுவது, விளிம்பைக் கடப்பது எல்லாம் வரும். எனக்கு இவை சீக்கிரம் பிடிபட்டன. நாலாவது நாள் மாலையில் முடிச்சு தாண்டுவதில் எங்கள் குழுவிலேயே நான்தான் வேகம். அந்த வேகம்தான் என்னைக் கெடுத்தது.

ஏறும்போது முடிச்சைத் தாண்டுவது எப்படி என்றால், வேலைக் கயிற்றில் ஒரு முடிச்சு, பேக்கப் கயிற்றில் ஒரு முடிச்சு, இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். பேக்கப் கயிற்றில் நம்மோடு நகர்ந்து, விழுந்தால் பிடித்துக்கொள்ளும் பேக்கப் கருவி முடிச்சுக்குள் போகாது. அதைக் கழற்றி முடிச்சுக்கு மேலே மாட்ட வேண்டும். கழற்றும் அந்த நேரத்தில் நாம் ஒரு கயிற்றில் தொங்கிவிடக் கூடாது. அதனால் முதலில் பேக்கப் கயிற்றில் இருக்கும் முடிச்சின் வளையத்தில் ஒரு கவ்ஸ் டெயிலை மாட்டு, அல்லது முடிச்சுக்கு மேலே இரண்டாவது பேக்கப் கருவியைப் போடு. கேரபைனர் பூட்டியிருக்கிறதா என்று பார். அப்புறம்தான் பழையதைக் கழற்று. கேட்கும்போது எவ்வளவு சுலபம்! இருபது தடவைக்கு மேல் சரியாகச் செய்திருந்தேன். தேர்வு அன்று, ஹேண்ட் அசெண்டரை முடிச்சுக்கு மேலே மாட்டியதும், 'மேலே ஒன்று, மார்பில் ஒன்று, இரண்டு இருக்கிறது' என்று என் மூளை கணக்குப் போட்டுவிட்டது. கை நேராக பேக்கப் கருவிக்குப் போய் அதைக் கழற்றிவிட்டது. அந்த இரண்டும் வேலைக் கயிற்றில் என்பதை நான் பார்க்கவே இல்லை.

பெரிய தவறு ஒன்று நடந்தாலே தேர்வு போச்சு. ஒரே கயிற்றில் தொங்குவதை விடப் பெரிய தவறு ரோப் ஆக்சஸில் கிடையாது. கேரபைனரைப் பூட்ட மறப்பது, ஹெல்மெட் வார் தளர்ந்திருப்பது மாதிரி சின்னத் தவறுகளும் இருக்கின்றன. அவை ஒன்றிரண்டு என்றால் சரி, சேர்ந்துகொண்டே போனால் அதுவும் தோல்விதான். அன்று மிச்ச எல்லாவற்றையும் செய்து முடித்தேன். எழுத்துத் தேர்வு சரி, முடிச்சு சரி, மீட்பு சரி. முடிவில் அசெசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்க கை நல்ல கை. ஆனா கண்ணுக்கு முன்னால கை ஓடுது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பத்து விநாடிக்காக நாலு நாள் வீணாகிவிட்டதே என்று. அந்தக் கோபம் தணிய ஒரு வாரம் ஆனது.

சில வாரம் கழித்து இரண்டு நாள் மறுபயிற்சிக்குப் போனேன். அந்த ட்ரெயினர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பழக்கம். எந்த கேரபைனரைத் திறப்பதற்கு முன்னும், எந்தக் கருவியைக் கழற்றுவதற்கு முன்னும், கையை அங்கே கொண்டுபோகாமல் முதலில் கயிற்றைத் தொடு. "வேலைக் கயிறு" என்று சொல்லிக்கொண்டே வேலைக் கயிற்றையும் அதில் என்னைப் பிடித்திருக்கும் கருவியையும் தொட வேண்டும். "பேக்கப்" என்று சொல்லி அதையும் தொட வேண்டும். இரண்டையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் திறக்கலாம். முதல் நாள் கூச்சமாக இருந்தது, பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்களே என்று. இரண்டாவது நாள் சொல்லாமல் இருந்தால் கை திறக்க மறுத்தது. இரண்டாவது தேர்வில் எல்லோரையும் விட நான்தான் மெதுவாகச் செய்தேன். தேறினேன். நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதை அன்றுதான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

மீட்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் அதைத் தேர்வுக்கான ஒரு பாடமாக மட்டும் நினைக்கிறார்கள். லெவல் 1இல் கேட்பது, கயிற்றில் இறங்கும் கருவியான டிசெண்டரில் தொங்கிக்கொண்டு அசையாமல் இருக்கும் ஒருவரை இறக்குவது. அவர் பக்கத்துக் கயிற்றில் இருப்பார். நாம் நம் கயிற்றில் அவரிடம் போய், நம் ஹார்னஸையும் அவர் ஹார்னஸையும் இரண்டு இடத்தில் இணைத்து, அவர் டிசெண்டரை மெதுவாக விட்டு அவருடைய எடையை நம் மேல் வாங்கி, அவரைக் கயிற்றிலிருந்து கழற்றி, இருவருமாக இறங்க வேண்டும். இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் அந்த இணைப்பின் நீளம். கொஞ்சம் நீளமாகப் போட்டுவிட்டால் அவருடைய டிசெண்டரை நிறைய விட்ட பிறகுதான் எடை நம்மிடம் வரும். அதற்குள் அவர் நமக்குக் கீழே போய்த் தொங்குவார், கை எட்டாது. முடிந்தவரை குட்டையாக இணைக்க வேண்டும். இரண்டாவது, இறங்கத் தொடங்கும் முன் டிசெண்டரிலிருந்து வரும் கயிற்றை உராய்வுக்கான கேரபைனர் வழியாகப் போட வேண்டும். ஒருவருக்குப் போதும் உராய்வு இரண்டு பேர் எடைக்குப் போதாது. மூன்றாவது, அவர் தலை. பொம்மையை வைத்துப் பழகும்போது தலையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உயிருள்ள மனிதனின் தலை தொங்கினால் மூச்சுக்குழாய் அடைபடும்.

அவசரம் ஏன் என்றால், ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கிவிடும். சுயநினைவு போக சில நிமிடங்களே போதும். நினைவோடு இருக்கிறவர் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எதிலாவது ஊன்ற வேண்டும். நீண்ட நேர வேலைக்கு உட்காரும் பலகை கேட்டு வாங்குங்கள், அது சொகுசு இல்லை. இறக்கிய பிறகு அவரைப் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு பழைய பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு ஆணையமான எச்.எஸ்.இ. 2009இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. வழக்கமான முதலுதவிதான்: மூச்சைப் பார், படுக்க வை, மருத்துவ உதவியைக் கூப்பிடு. ஒரு தளத்துக்குப் போனால், யார் யாரை எப்படி இறக்குவது என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். தீயணைப்புப் படையைக் கூப்பிடுவோம் என்பது பதில் இல்லை. குழுவே தன் ஆளை உடனே இறக்க முடிய வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை கொட்டும் என்று நினைத்தேன். முதலில் போன இடத்தில் கேட்டது ஒரே கேள்வி: "மேலே போய் என்ன செய்வீங்க?" கயிறு நம்மை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். வெல்டரா, பெயிண்டரா, ஆய்வாளரா, மின்வேலைக்காரரா என்பதற்குத்தான் சம்பளம். எனக்கு அளவெடுக்கும் சான்றிதழ் ஏற்கெனவே இருந்ததால் தப்பித்தேன். கைத்தொழில் எதுவும் இல்லாமல் லெவல் 1 மட்டும் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் தம்பிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தொழிலை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

லெவல் 1 ஆள் தனியாக வேலை செய்யக் கூடாது. குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் லெவல் 3 மேற்பார்வையாளர். இதை மீறச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. "ஒரு மணி நேர வேலைதானே, நீங்க மட்டும் இறங்கிட்டு வந்துடுங்க" என்று எனக்கே ஒரு தளத்தில் சொன்னார்கள். முடியாது என்றேன். அடுத்த வாரம் என்னைக் கூப்பிடவில்லை. அந்தச் சம்பளம் போனதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

வேலையின் முதல் மாதத்தில் நடந்தது இன்னொன்று. கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிற்றுக்குக் கித்தான் உறை போட்டு இறங்கினேன். இறங்கியபின் அளவெடுக்க இரண்டு மீட்டர் வலது பக்கம் நகர்ந்தேன். மேலே இருந்த லெவல் 3 அண்ணன் உடனே ரேடியோவில், "இடத்துக்கு வா, திரும்பி வா" என்றார். நான் நகர்ந்தபோது கயிறு உறையை விட்டு வழுக்கி வெறும் காங்கிரீட்டில் உட்கார்ந்திருந்தது. ஏறி வந்ததும் என்னைத் திட்டாமல் அந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் கயிற்றைத் தடவச் சொன்னார். கயிற்றின் மேலுறை பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது, நாலைந்து நிமிடத்தில். அதற்கு அப்புறம் விளிம்பு உறையை நான் ஆங்கரோடு கட்டித்தான் வைப்பேன். பக்கவாட்டில் நகர வேண்டிய வேலை என்றால் கயிற்றையே வேறு இடத்தில் கட்டிவிடுவது இன்னும் நல்லது. இறங்கும் முன் கீழ்நுனியில் ஸ்டாப்பர் முடிச்சு இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் அந்த அண்ணன் கொடுத்த பழக்கம்.

லெவல் 2க்குப் போக 12 மாதமும் 1,000 மணி நேரமும் வேண்டும். லெவல் 3க்கு, லெவல் 2 ஆன பின் மறுபடி 12 மாதம், 1,000 மணி நேரம், கூடவே செல்லுபடியாகும் முதலுதவிச் சான்றிதழ். இந்த மணிக்கணக்கு எல்லாம் வேலைப் பதிவுப் புத்தகமான லாக்புக்கில் மேற்பார்வையாளர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். இதில் நான் இழந்தது கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு தளத்தில் மூன்று மாத வேலையை 'கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டேன். மேற்பார்வையாளர் நடுவில் வேறு நாட்டுக்குப் போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. அந்த மணி நேரம் எல்லாம் போனதுதான். இப்போது என் ஆட்களிடம் வேலை முடியும் நாளிலேயே புத்தகத்தை நீட்டச் சொல்கிறேன். என்ன வேலை, எந்த மாதிரிக் கட்டமைப்பு, எத்தனை மணி நேரம் என்று தெளிவாக எழுதுங்கள். 'கயிற்று வேலை' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த அசெசர் அதிலிருந்து எதைத் தெரிந்துகொள்வார்? தேதி எல்லாவற்றையும் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கயிற்றைத் தொடவில்லை என்றால், சான்றிதழில் காலம் மிச்சம் இருந்தாலும் ஒரு மறுபயிற்சி எடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். கை மறந்துவிடும், மறந்தது நமக்கே தெரியாது.

பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: அது ஐராட்டாவின் பயிற்சி உறுப்பினரா என்று அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பாருங்கள். விளம்பரத்தில் சின்னம் போட்டிருப்பது போதாது. தேர்வே இல்லாமல் அட்டை தருகிறோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த அட்டை எண்ணை இணையத்தில் சரிபார்த்தால் ஒன்றும் வராது. பணமும் போய், தளத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்படுவீர்கள். முடிந்தால் நேரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு ட்ரெயினர் எத்தனை பேரைப் பார்க்கிறார், ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா, கயிறுகள் தரையில் மிதிபடுகின்றனவா என்று கவனியுங்கள். கயிற்றை மிதிக்கிற இடத்தில் சேர வேண்டாம்.

போன மாதம் என் குழுவுக்குப் புதிதாக ஒரு லெவல் 1 தம்பி வந்தார். முதல் இறக்கம். கூரை விளிம்பில் நின்று டிசெண்டரை மாட்டினார், பேக்கப்பை மாட்டினார். விளிம்பில் நிற்பதற்காகப் போட்டிருந்த கவ்ஸ் டெயிலைக் கழற்றினால் இறங்க வேண்டியதுதான். அதன் கேரபைனர் வரை கை போனது. அங்கே நின்றது. திரும்பி வந்து ஒரு கயிற்றைத் தொட்டார், அப்புறம் மற்றொன்றை. காற்றில் எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. "சத்தமா, தம்பி" என்றேன். "வேலைக் கயிறு. பேக்கப்" என்றார். அப்புறம் கழற்றி இறங்கினார். மாலையில் அவர் லாக்புக்கில் 6 மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.